அப்பாவின் முடியாட்சியும் ஆறாம் விதியும்

எங்கள் அப்பா ஒஸ்லோவில் பதினொரு ஆண்டுகள் முடியாட்சி நடத்தியவர். நாடு சிறியதுதான்: எங்கள் ஊர்க்காரர் ஒன்றியம். தலைநகரம், ட்வெய்ட்டாவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டின் குசினி மேசை. ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்கூட்டம் கூடும். ஒருவர் அப்பாவைத் தலைவராக முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், சபை கைதட்டி ஏகமனதாக ஏற்றுக்கொள்ளும், அதன் பிறகு ஆட்டிறைச்சிக் கறியும் சோறும். முன்மொழிபவரையும் வழிமொழிபவரையும் அப்பா முதல் நாளே தொலைபேசியில் ஒழுங்கு செய்துவிடுவார். "என்னை நானே முன்மொழிய முடியாதுதானே" என்பது அவருடைய விளக்கம்.

பன்னிரண்டாம் ஆண்டு அந்தப் பதவி அவருக்கு என்றுமில்லாத அளவு தேவைப்பட்டது. ஜூன் மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் அதிபர் ஒஸ்லோவுக்கு வருவதாக இருந்தது. ஒன்றியத்தின் சார்பில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவது தலைவரின் வேலை. அந்த அதிபரும் அப்பாவும் எட்டாம் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். அவர் தொடர்ந்து படித்தார். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றார். இங்கே வந்து பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறார்.

"அவன் வரேக்கை நான் தலைவரா நிக்கவேணும். அவ்வளவுதான். பேந்து ஆரும் இருக்கட்டும்" என்றார் அப்பா. அவர் ஒன்றை வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குக் குறுக்கே நின்றது ஒன்றியத்தின் விதிகளெல்லாம் அடங்கிய புதிய யாப்பிலிருந்த ஆறாம் விதி. அதை எழுதியவள் நான்.

நான் வரலாறு படிக்கிறேன். அப்பா பக்கத்திலும் அம்மா பக்கத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை நான் அடக்கமாகச் சொல்லப்போவதில்லை. அம்மா ஐந்தாம் வகுப்பு. வீட்டுக்கு வரும் கடிதங்களை ஒன்பது வயதிலிருந்து நான்தான் வாசித்தேன். வரித் திணைக்களம் என்ன சொல்கிறது, பல் வைத்தியர் எப்போது வரச் சொல்கிறார், மாடியில் யார் சத்தம் போட்டார்கள் என்று எல்லாம் என் வாய் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தன. ஆகவே நான் வரலாறு படிக்கப் போகிறேன் என்றதும் அப்பாவுக்கு ஏமாற்றம்.

"முடிஞ்சு போனதைப் படிச்சு என்ன செய்யப் போறாய், பிள்ளை?"

"முடியேல்லை அப்பா. அதுதான் விஷயம்."

"உந்தக் கதையை ஒரு டொக்டர் சொன்னால் பயப்படலாம். நீ சொல்லி என்ன?"

அந்த ஆண்டு எங்களுக்குப் பாடம், ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில் சில அரசர்கள் எப்படி எல்லாவற்றையும் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள், சில அரசர்கள் எப்படிப் பாராளுமன்றத்திடம் மாட்டிக்கொண்டார்கள் என்பது. இங்கிலாந்தில் ஓர் அரசனின் தலை போனது. பிற்பாடு நெதர்லாந்திலிருந்து ஒருவரை நிபந்தனைகளோடு வரவழைத்து முடி சூட்டினார்கள். பிரான்சில் இதற்கு நேர்மாறு. அங்கே அரசர் காலையில் எழும்பினால் அவருக்குச் சட்டையை எடுத்துக் கொடுக்கும் பாக்கியத்துக்குப் பிரபுக்கள் அடிபட்டார்கள்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது நாங்கள் இருக்கும் இந்த நாட்டின் கதைதான். நோர்வே அப்போது டென்மார்க் அரசனின் கீழ் இருந்தது. ஆயிரத்து அறுநூற்று அறுபதில் கொப்பன்ஹேகனில் கூடிய சபை, தன் அதிகாரம் முழுவதையும் அரசனிடம் தூக்கிக் கொடுத்தது. பறித்தெடுக்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டுதான் நான் வாசிக்கத் தொடங்கினேன். ஆனால் நகரத்து வியாபாரிகளும் மதகுருமாரும் தாங்களாகவே முன்வந்து கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பிரபுக்களைப் பிடிக்கவில்லை. நூறு எசமான்களைவிட ஒருவர் போதும் என்று நினைத்தார்கள். அடுத்த ஆண்டு நோர்வேக்காரரை ஒஸ்லோவுக்கு, இங்கே துறைமுகத்தின் மேலே இருக்கும் ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டைக்கு அழைத்தார்கள். அவர்களும் வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள்.

"ஒருத்தரும் மறுக்கேல்லையோ?" என்று நான் சத்தமாகவே கேட்டுவிட்டேன். நூலகத்தில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அதே கிழமைதான் நகரசபையிலிருந்து ஒன்றியத்துக்குக் கடிதம் வந்தது. இனி மண்டபம் வேண்டுமானால் சங்கம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நோர்வேஜிய மொழியில் எழுதிய யாப்பும், அது பொதுக்கூட்டத்தில் வாசித்து ஏற்கப்பட்டதற்கான அறிக்கையும் வேண்டும். நான் வாசித்துச் சொன்னேன்.

"யாப்பு எங்களிட்டைக் கிடக்குத்தானே" என்று அப்பா எழுந்து போய், ரைஸ் குக்கரின் உத்தரவாத அட்டையும் பழைய பயணச் சீட்டுகளும் இருந்த கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். கொப்பித் தாள், ஒரு பக்கம். ஐந்து விதிகள். நாலாவது: "எந்த விடயத்திலும் தலைவரின் முடிவே இறுதி முடிவாகும்." ஐந்தாவது: "மேலே சொன்னவற்றை மாற்றுவதாயின் தலைவரின் சம்மதம் வேண்டும்." கீழே நாற்பது கையெழுத்துகள். ஓரத்தில் கறிக்கறை.

நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டையில் கையெழுத்தான பத்திரத்தைத் தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியதில்லை, அது எங்கள் குசினியிலேயே கிடந்தது.

"அம்மா, இதிலை எப்பிடி எல்லாரும் கையெழுத்து வைச்சவை?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "வடக்குக் குறிச்சிக்காரர் ஒரு பக்கம், தெற்குக் குறிச்சிக்காரர் ஒரு பக்கம், வாத்தியார் வீட்டு ஆக்கள் இன்னொரு பக்கம். ஒரு ஒன்றுகூடலுக்கு மூண்டு தரம் அடிபட்டவை. சனத்துக்கு அலுத்துப் போச்சு. ஆராவது ஒராள் முடிவெடுக்கட்டும் எண்டிட்டினம்."

"அதுக்கு ஏன் அப்பாவைப் பிடிச்சவை?"

"கொப்பா ஒரு பக்கமும் சேராத ஆள். அதோடை அவரிட்டைத்தானே சாமான் ஏத்திற வான் இருந்தது."

இதைவிடத் தெளிவாக எங்கள் பேராசிரியை கூட விளக்கியதில்லை. அரசர்கள் முழு அதிகாரம் பெற்றதற்கு நிலையான படை ஒரு காரணம் என்று அவர் படிப்பித்தார். அப்பாவிடம் படை இல்லை, வான் இருந்தது. கதிரை, மேசை, சோற்றுக் கிடாரம், ஒலிபெருக்கி எல்லாம் அந்த வானில்தான் மண்டபத்துக்குப் போயின. வானை எதிர்த்தவன் நிலத்தில் இருந்து சாப்பிட வேண்டும்.

புதிய யாப்பை எழுத எனக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. பதினான்கு விதிகள். இங்கே சாதாரணச் சங்கங்கள் வைத்திருக்கும் விதிகள்தான் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆறாம் விதியை எழுதும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. "ஒரே ஆள் தொடர்ச்சியாக இரண்டு தவணைக்கு மேல் தலைவராக இருக்க முடியாது." ஏழாவது: "ஓர் அங்கத்தவர் கேட்டாலும் தெரிவு இரகசிய வாக்கெடுப்பில் நடக்கும்." ஒரு துளி இரத்தம் சிந்தாமல், ஒரு கோப்பைத் தேநீரோடு, குசினி மேசையில் நான் ஒரு முடியாட்சியைக் கவிழ்த்துவிட்டேன்.

அப்பா கண்ணாடியைத் தேடவில்லை. "எல்லாம் ஒழுங்கா இருக்கோ?"

"ஓம் அப்பா."

"நீ எழுதினால் சரிதான்." கையெழுத்து வைத்தார். நான் நகரசபைக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள்தான் அதிபர் வரப்போகும் செய்தி வந்தது. அப்பா தலைவராக நிற்க வேண்டும் என்று சொன்னது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டு அடுத்த சனிக்கிழமையே ஒஸ்லோவின் கடைத்தெருவான குறொன்லாண்டுக்குப் போய் மூன்று கடைகளில் பொன்னாடை பார்த்தார். சிவப்புக் கரையா பச்சைக் கரையா என்று கடையிலிருந்து எனக்குப் படம் அனுப்பினார். நான் வகுப்பில் இருந்தேன். அன்றைய பாடம், டென்மார்க் அரசனின் ஆட்சிச் சட்டம். எல்லாவற்றுக்கும் மேலான அந்தச் சட்டத்தை எழுதிவிட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சிடாமல் மறைத்தே வைத்திருந்தார்களாம். குடிமக்கள் தாங்கள் வாசிக்காத சட்டத்தின் கீழ் வாழ்ந்தார்கள். போன மாதமாக இருந்தால் நான் கொதித்திருப்பேன். அன்றைக்கு, அது ஒன்றும் அவ்வளவு மோசமான யோசனையில்லை என்று தோன்றியது.

பொதுக்கூட்டம் ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வந்தவர்கள் ஐம்பது பேர். மேடையில் அப்பா, பக்கத்தில் லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் செயலாளர் மாமா. அவர் பதினொரு ஆண்டுகளாகச் செயலாளர், ஒன்பது ஆண்டுகளாகத் தலைவர் ஆசை உள்ளவர். எல்லோருக்கும் தெரிந்த ஆசை. அவர் புது வான் வாங்கியதும் அதற்காகத்தான் என்பது அம்மாவின் கருத்து.

யாப்பைத் தமிழில் வாசிக்க என்னை அழைத்தார்கள். "பல்கலைக்கழகத்திலை படிக்கிற எங்கடை பிள்ளை" என்று அப்பா அறிமுகப்படுத்தினார். வழக்கமாக இந்த வசனத்தில் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடும். அன்றைக்குக் கூடவில்லை.

ஒன்று முதல் ஐந்து வரை கணீரென்று வாசித்தேன். பிறகு தண்ணீர் குடித்தேன். பிறகு, "ஏழாவது" என்றேன்.

நான் எட்டாவதுக்குப் போனேன். செயலாளர் மாமா கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, கொஞ்சம் பொறு. அஞ்சுக்குப் பிறகு ஏழோ?"

"என்ன மாமா?"

"நோஷ்க் பாஷையிலை எப்பிடியோ தெரியாது. தமிழிலை அஞ்சுக்குப் பிறகு ஆறு."

சபை சிரித்தது. பின்வரிசையில் ஒரு அன்ரி, "பல்கலைக்கழகத்திலை எண்ணப் பழக்கேல்லைப் போலை" என்றார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. மறைத்து வைத்த சட்டத்தைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதி நல்ல புள்ளி வாங்கியவள், அதையே செய்து, விரல் விட்டு எண்ணத் தெரிந்த ஒரு மனிதரிடம் இரண்டு நிமிடத்தில் பிடிபட்டேன்.

ஆறாம் விதியை வாசித்தேன்.

மண்டபத்தில் மூன்று பக்கத்து ஆட்களும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். செயலாளர் மாமா எழுந்து நின்றார். முகத்தைக் கவலையாக வைத்திருக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அண்ணை பதினொரு வருஷம் இருந்திட்டார். சட்டம் எண்டால் சட்டம். எனக்கும் மனவருத்தம்தான்."

"உன்ரை மனவருத்தம் பல்லெல்லாம் தெரியுது" என்றார் பின்வரிசை அன்ரி.

அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பல் வைத்தியரின் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நான் சொல்வதற்காகக் காத்திருக்கும் அதே பார்வை. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"பிள்ளை, இதை நீ எழுதினனியோ?"

"ஓம் அப்பா."

"நான் கையெழுத்து வைச்சனானோ?"

"ஓம் அப்பா."

அவர் தலையைச் சொறிந்தார். பொன்னாடை வீட்டு அலுமாரியில் சிவப்புக் கரையோடு மடித்து வைக்கப்பட்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் கையில் ஒலிவாங்கி இருந்தது.

"சரி. இந்தச் சட்டம் எப்ப தொடக்கம்?"

"இண்டைக்குச் சபை ஏத்துக்கொண்டால் இண்டையிலை இருந்து."

"அப்ப முந்திப் பதினொரு வருஷம்?"

"அது... பழைய யாப்பு அப்பா."

"பழைய யாப்பிலை தவணை எண்டு ஒண்டு இருந்ததோ?"

"இல்லை."

அப்பா சபையைப் பார்த்துத் திரும்பினார். "அப்ப நான் இன்னும் ஒரு தவணையும் இருக்கேல்லை. ரண்டு கிடக்கு."

எட்டாம் வகுப்பு! நான் சட்டம் படிக்கும் தோழிகளிடம் பிறகு கேட்டேன். ஒரு சட்டம் பின்னோக்கிப் பாயாது என்பதை அவர்களுக்கு ஒரு முழு மாதம் படிப்பித்தார்களாம். அப்பா அதைத் தலையைச் சொறிந்தபடி கண்டுபிடித்தார்.

கைதட்டல் எழுந்தது, அதிலேயே யாப்பும் ஏற்கப்பட்டது. வழிமொழிபவர் அவசரப்பட்டு, முன்மொழிவதற்கு முன்பே வழிமொழிந்தார். ஆனால் செயலாளர் மாமா விடவில்லை. "அப்ப ஏழாம் விதி. நான் இரகசிய வாக்கெடுப்புக் கேக்கிறன்."

ஏழாம் விதி என்று கேட்டதும் அப்பா மறுபடி என்னைப் பார்த்தார். "இன்னும் எத்தினை வைச்சிருக்கிறாய்?"

வாக்குச் சீட்டுக்குத் தாள் இல்லை. மண்டபத்தின் குசினி இழுப்பறையில், பாண் துண்டுகளுக்கு நடுவில் வைக்கிற சின்னச் சதுரத் தாள்கள் ஒரு கட்டு இருந்தன. இந்த நாட்டுப் பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியெல்லாம் அந்தத் தாளில்தான் நிற்கிறது. மெல்லிய தாள், எழுதினால் மறுபக்கம் தெரியும். ஆகவே ஆளாளுக்கு எட்டாக, பதினாறாக மடித்து, ஒரு பீன்ஸ் விதையளவு உருண்டையாக்கிக் கொண்டுவந்தார்கள். வாக்குப் பெட்டி ரைஸ் குக்கர். சோறு வேறு பாத்திரத்துக்கு மாறியது. பதினொரு ஆண்டுகள் கைதட்டியே பழகிய சனம், முதன்முறையாக ஒருவருக்கு ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் தாளை வைத்து எழுதியது. புருஷன் பெண்சாதிக்குக் கூடக் காட்டவில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத காட்சி அது: குடிமக்கள் பிறக்கும் நேரம் எல்லோருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

நான் அப்பாவுக்குத்தான் போட்டேன். கொள்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

எண்ணி வாசித்ததும் நானே. அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவருக்கு இருபத்தேழு. மாமாவுக்கு இருபத்திரண்டு. ஒன்று செல்லாதது, அதில், "ஆராவது இருங்கோ, சாப்பாட்டை ஆறவிடாதேங்கோ" என்று எழுதியிருந்தது.

அப்பா வென்றார். ஜூன் மாதத்துக்கு வேண்டிய நாற்காலி கிடைத்தது. சனம் கைதட்டியது, மாமா கை கொடுத்தார், நான் பெருமூச்சு விட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது வானில் பின்னால் கதிரைகள் கடகடத்தன.

"இருபத்திரண்டு பேர்" என்றார் அப்பா.

"இருபத்தேழு பேர் போட்டிருக்கினம் அப்பா."

"அது சரி. இருபத்திரண்டு பேர் ஆர்?"

"அது இரகசியம். அதுதானே முறை."

"முகத்துக்கு நேரை சிரிச்சு, ரண்டாந்தரம் கறி வாங்கிச் சாப்பிட்டவங்கள். அதிலை இருபத்திரண்டு பேர்!"

ஏகமனதான பதினொரு ஆண்டுகளில் அவரைப் பிடிக்காதவர் இந்த உலகத்தில் உண்டு என்பது அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அந்தக் கிழமை முழுவதும் பட்டியல் போட்டார். வடக்குக் குறிச்சியில் ஏழு என்றார். பிறகு அடித்துவிட்டு ஐந்து என்றார். என்னையும் கேட்டார், நீ ஆருக்குப் போட்டாய் என்று. நான் சொல்ல மறுத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். ஆனால் நான் எழுதிய சட்டத்தை நானே ஒரு கிழமைக்குள் இரண்டு தடவை மீற எனக்கு மனமில்லை.

பட்டியல் சரிவரவில்லை. சரிவராததால் ஒரு புதுமை நடந்தது. எதிரி யார் என்று தெரியாத தலைவர் எல்லோரையும் மரியாதையாக நடத்த வேண்டியிருந்தது. ஜூன் மாதச் சாப்பாட்டுக்கு என்ன கறி என்று, வாழ்க்கையிலேயே முதன்முறையாக, அப்பா ஆட்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்.

"கேட்டால் ஆளுக்கொண்டு சொல்லுறாங்கள்" என்று வந்து முறையிட்டார்.

"கேட்டால் அப்பிடித்தான் அப்பா."

"உதுக்குத்தான் அந்த நாளிலை கேக்கிறேல்லை."

ஜூன் மாதம் அதிபர் வந்தார். மெலிந்த, நரைத்த மனிதர். குளிருக்குப் பயந்து கோடையிலும் கம்பளிச் சட்டை. அப்பா பொன்னாடையை விரித்தார். மேடைக்குப் போவதற்கு முன் இரண்டு தடவை ஒத்திகை பார்த்திருந்தார். போர்த்தி முடிந்ததும் அதிபர் அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒலிவாங்கி பக்கத்தில் இருப்பதை மறந்து, முழு மண்டபத்துக்கும் கேட்கக் கேட்டார்: "டேய், ஏழாம் வகுப்பிலை மொனிற்றர் தெரிவிலை நான் ஒரு வாக்காலை தோத்தனான். நீ எனக்குப் போடேல்லைத்தானே?"

அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இல்லையடா. நீ கதைச்சால் பேர் எழுதிற ஆள். மற்றவன் எழுதான்."

"எனக்குத் தெரியும்! நாப்பத்தைஞ்சு வருஷமா எனக்குத் தெரியும்!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பொன்னாடை கீழே விழுந்தது. செயலாளர் மாமா ஓடிவந்து எடுத்துக் கொடுத்தார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் கிடாரத்துக்கும் நடுவில் ஒடுங்கி இருந்த அம்மா, அதைப் பார்த்துத்தானோ என்னவோ, வாயைத் திறந்தார்.

"இஞ்சாருங்கோ. நானும் உங்களுக்குப் போடேல்லை."

நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

"சனி ஞாயிறு எண்டால் இந்த வான் நிறையக் கதிரை" என்றார் அம்மா. "ஒரு நாளாவது என்னை மட்டும் ஏத்திக்கொண்டு எங்கையாவது போயிருக்கிறியளே? தோத்தால் போவியள் எண்டு நினைச்சனான்."

அப்பா வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். முப்பது வருஷமாக் கடைச் சாமான் எழுதித் தாற கையெழுத்து. பிள்ளை எண்ணேக்கையே பாத்தனான்."

"பாத்திட்டே இவ்வளவு நாளும் பட்டியல் போட்டனீங்கள்?"

"அது மற்ற இருபத்தொரு பேருக்கும்" என்றார் அப்பா. வீட்டுக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டி வானை நேரே விட்டார்.

"எங்கை போறியள்?"

"தெரியேல்லை. எங்கை போகவேணும், சொல்லு."

கேட்டுவிட்டார் அல்லவா. அம்மா கடற்கரை என்றார், நான் ஐஸ்கிறீம் என்றேன். பின்னால் ஐம்பது கதிரைகளும் கடகடத்தன. எங்கே போவதென்று மூன்று பேரும் அடிபட்டுக்கொண்டே, அடுத்த சுற்றுவட்டத்தை இரண்டு தடவை சுற்றினோம்.